சாயல்குடிச் சாலையில் குறுக்கே வந்த நாய்: பாதியில் நின்ற சைக்கிள் பயணம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கன்னியாகுமரி வரை போவதற்கு நண்பர் ஒருவரும் நானும் சைக்கிளில் கிளம்பினோம். ராமநாதபுரம் மாவட்டத்தைத் தாண்டுவதற்குள், ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் நடுவே, கட்டாமல் விட்டிருந்த ஒரு நாய் என் முன்சக்கரத்தில் வந்து விழுந்தது. இடது காறை எலும்பு (காலர் போன்) முறிந்தது, கெண்டைக்காலில் பல் பட்டது, என் பயணம் அங்கேயே முடிந்தது. அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள், இனிமேல்தான் ஓட்டலாமா என்று யோசிப்பவர்கள் என எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். ஊசி பற்றிய பகுதி நீளமாக இருக்கும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

சரியாக என்னதான் நடந்தது?

மாசி மாதக் காலை, வெயில் இன்னும் ஏறவில்லை. வாடைக்காற்று ஓய்கிற பருவம்தான், ஆனாலும் முதுகில் கைவைத்துத் தள்ளுகிற அளவுக்கு இருந்தது. கீழக்கரையைத் தாண்டி மேற்கே போகும்போது அந்தக் காற்று கிடைத்தால் சும்மா மிதித்தாலே வண்டி பறக்கும். சாலையோரம் சீமைக்கருவேலம், அதற்குப் பின்னால் பனைகள், பனைகளுக்கு நடுவே ஒரு குடிசை.

நண்பர் முன்னால் போனார். நாய் முதலில் குரைத்துக்கொண்டு ஓடிவந்தது அவரைப் பார்த்துத்தான். அவர் கடந்துவிட்டார். அதே வேகத்தில் சாலைக்கு வந்துவிட்ட நாய், பின்னால் நான் வருவதைக் கவனித்துத் திரும்பியபோது என் முன்சக்கரத்துக்கு நேரே நின்றது. ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து இடது தோளில் விழுந்தேன். நாய்க்கும் நல்ல அடி. மிரண்டுபோய், சைக்கிளுக்கு அடியிலிருந்து விடுபட்டு ஓடும் அவசரத்தில் என் காலைக் கவ்விவிட்டுப் போனது.

'நாய் துரத்திக் கடித்ததாமே' என்று ஊரில் பேச்சு. துரத்தியது நண்பரை, கடித்தது என்னை. இரண்டுக்கும் நடுவில் நடந்த மோதல்தான் என் எலும்பை உடைத்தது.

தெருநாயா, வளர்ப்பு நாயா?

வளர்ப்பு நாய். அந்தக் குடிசைக்காரர்களுடையது. ஆடுகளுக்குக் காவல். பகலில் அவிழ்த்து விடுவார்கள், அந்தப் பக்கம் பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். ராமநாதபுரத்துச் சீமைக்கென்றே மண்டைநாய் என்று ஒரு காவல் இனம் உண்டு, பெரிய தலையும் கனத்த உடம்புமாக இருக்கும். அது என்று நினைத்துப் பலர் ஆர்வமாகக் கேட்கிறார்கள். இல்லை, இது சாதாரண நாட்டு நாய்தான், செவலை.

வளர்ப்பா தெருவா என்பது மூன்று விஷயங்களில் ஒன்றில் மட்டும் மாற்றம் தராது, இரண்டில் தரும். ஊசி போடுவதில் மாற்றமில்லை. தெரிந்த வீட்டு நாய் என்பதற்காக யாரும் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. நாயைக் கண்காணிப்பதில் மாற்றம் உண்டு, அது கீழே வருகிறது. சட்டத்திலும் உண்டு, அதுவும் வருகிறது.

விழுந்த உடனே என்ன செய்தீர்கள்?

நண்பர் செய்தார் என்று சொல்வதே சரி. முதலில் என்னைச் சாலையை விட்டு ஓரமாக நகர்த்தினார். அந்தத் தடத்தில் வேன்களும் மீன் லாரிகளும் வருகிற வேகத்தில் நாய்க்கடியெல்லாம் இரண்டாவது கவலை. தலையில் அடியா, வாந்தி வருகிறதா, நாளும் கிழமையும் சரியாகச் சொல்கிறேனா என்று பார்த்தார். அப்புறம் காலைக் கழுவினார்.

கழுவியதுதான் முக்கியம். ஓடும் தண்ணீரும் சோப்பும், 15 நிமிடம். வெறிநோய் (ரேபிஸ்) கிருமிக்கு மேலே கொழுப்பு உறை உண்டு, சோப்பு அதைக் கரைத்துவிடும். எந்த சோப்பும் ஆகும், துணி துவைக்கிற கட்டி சோப்பு போதும். 15 நிமிடம் என்பது மணி பார்த்தால்தான் எவ்வளவு நீளம் என்று தெரியும், பலரும் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். கழுவிய பிறகு பொவிடோன் அயோடின் போன்ற கிருமிநாசினி இருந்தால் போடலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பிப்பொடி எதுவும் கூடாது. இறுக்கிக் கட்டும் போடக் கூடாது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தக் கரையோர ஊர்களில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. குடிக்கிற தண்ணீருக்குக் குழாயடியில் காத்துக் கிடந்து, தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி உருட்டிக்கொண்டு போகிற பெண்களை ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கும் பார்க்கலாம். உப்புத் தண்ணீரே போதும் என்று நண்பர் சொல்லியும் கேட்காமல், நாய்க்குச் சொந்தக்கார அம்மா குடம் குடமாக நல்ல தண்ணீரை என் காலில் ஊற்றினார். "கடிச்சது எங்க நாயி, தண்ணிக்குக் கணக்குப் பாக்கச் சொல்றீகளா தம்பி?" என்றார். காயம் கழுவ உப்புத் தண்ணீர் தாராளமாகப் போதும் என்பதை மற்றவர்களுக்காக இங்கே குறித்துவைக்கிறேன். அவரிடம் அதை யாரும் வாதாடி ஜெயித்திருக்க முடியாது.

சின்னக் கீறல்தானே, அதற்குமா ஊசி?

ஆமாம். உலக சுகாதார நிறுவனம் இதை மூன்று வகையாகப் பிரிக்கிறது, நம் அரசு மருத்துவமனைகளிலும் இதே கணக்குதான்.

நாயைத் தொட்டது, சோறு வைத்தது, காயமில்லாத தோலை அது நக்கியது எல்லாம் முதல் வகை. ஊசி வேண்டாம், கழுவினால் போதும். மூடாத தோலை லேசாகக் கவ்வியது, ரத்தம் வராத கீறல், சிராய்ப்பு ஆகியவை இரண்டாம் வகை. உடனே தடுப்பூசி. தோலைக் கிழித்து ரத்தம் வந்த கடி அல்லது கீறல், ஏற்கெனவே இருந்த புண்ணிலோ வாய், கண் போன்ற இடத்திலோ எச்சில் பட்டது ஆகியவை மூன்றாம் வகை. தடுப்பூசியோடு காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தும் போட வேண்டும்.

என்னுடையது மூன்றாம் வகை. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, இரண்டு பல் இறங்கிய தடம், கொஞ்சம் ரத்தம். தோளில் எலும்பு உடைந்து கிடக்கும்போது காலில் இருக்கிற அந்த இரண்டு புள்ளியை யாருக்கும் பார்க்கத் தோன்றாது. ஆனால் உடைந்த எலும்பால் உயிர் போவது அபூர்வம். வெறிநோய் அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பதுதான் அபூர்வம். அறிகுறி தெரிவதற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும், அதற்குள் கடித்ததே மறந்துபோயிருக்கும்.

நாம் மோதியதால்தானே நாய் கடித்தது, சும்மா வந்து கடிக்கவில்லையே என்று ஒரு நண்பர் வாதாடினார். யார் பேரில் தப்பு என்பதைப் பார்த்துக் கிருமி நடந்துகொள்ளாது.

தொப்புளைச் சுற்றி 14 ஊசியா?

இதைக் கேட்காத ஆளே இல்லை. அது பழைய காலத்து மருந்து, ஆட்டு மூளையிலிருந்து தயாரித்தது. இந்தியாவில் 2005 வாக்கில் நிறுத்தியாயிற்று. இப்போது போடுவது செல் வளர்ப்பில் தயாரிக்கும் தடுப்பூசி, கையில்தான் போடுவார்கள்.

இரண்டு முறைகள் உண்டு. அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலுக்குள் போடும் முறை: இரண்டு கையிலும் தலா 0.1 மில்லி, முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்கள். தனியாரில் பெரும்பாலும் தசையில் போடும் முறை: 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்கள். எதில் தொடங்கினோமோ அதிலேயே முடிப்பது நல்லது. புட்டத்தில் போடக் கூடாது, அங்கே மருந்து சரியாகச் சேராது. அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். கூடவே டெட்டனஸுக்கான (ரண ஜன்னி) டி.டி. ஊசியும் போடுவார்கள்.

முதல் ஊசி போட்டதும் உடம்பு எதிர்ப்பு சக்தியை உண்டாக்க ஒரு வாரமாவது எடுக்கும். அந்த இடைவெளிக்குத்தான் இம்யூனோகுளோபுலின், தயாராக இருக்கும் எதிர்ப்பொருளை நேராகக் காயத்திலேயே ஏற்றுகிறார்கள். எடைக்கு ஏற்ப அளவு. வலிக்கும். ஊசிகளிலேயே இதுதான் வலித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் தாண்டிவிட்டால் இதைப் போடுவதில் பயனில்லை, அதனால் 'அப்புறம் ஊருக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம்' என்று தள்ளக் கூடாது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல்: பாரிஸில் 1885-இல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு வெறிநோய்த் தடுப்பூசியை முதலில் போட்டார். அதற்குப் பிறகு 22 ஆண்டுகளில், 1907-இல், குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்துவிட்டது. நமக்கு இது புதிய மருந்து ஒன்றும் இல்லை.

அந்தப் பக்கத்தில் எந்த மருத்துவமனைக்குப் போவது?

தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கிடைக்கும். இம்யூனோகுளோபுலின் எல்லாச் சிறிய இடத்திலும் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ரத்தம் வந்த கடி என்றால், முதல் தடுப்பூசியை அருகிலேயே போட்டுக்கொண்டு, மற்றதற்குப் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடலாம். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எலும்பையும் படம் பிடித்தாக வேண்டும் என்பதால் நான் நகரத்துக்கே போய்விட்டேன். 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ். எங்கே மருந்து இருக்கிறது போன்ற விசாரணைக்கு 104.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும்போது ஆம்புலன்ஸுக்கு இடம் சொல்லுவது பெரிய பாடு. எங்கு பார்த்தாலும் ஒரே கருவேலம், ஒரே பனை. 'ஏர்வாடி விலக்கு', 'வாலிநோக்கம் விலக்கு' என்று எந்த விலக்கை (கிளைச்சாலை பிரியும் இடத்தை) தாண்டி எவ்வளவு தூரம் என்று சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். மைல்கல் எண் கண்ணில் பட்டால் இன்னும் நல்லது.

ஊசி போட்டுக்கொண்டே பயணத்தைத் தொடர்ந்திருக்க முடியாதா?

கடி மட்டும் என்றால் முடிந்திருக்கும். நாய் கடித்தாலே பயணம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. மருத்துவமனையில் தரும் சீட்டில் அடுத்த தேதிகள் இருக்கும். அந்தத் தேதியில் எந்த ஊரில் இருக்கிறீர்களோ அங்கே அரசு மருத்துவமனையில் காட்டினால் போடுவார்கள். 3-ஆம் நாள் ஊசி தூத்துக்குடியிலும் 7-ஆம் நாள் ஊசி கன்னியாகுமரியிலும் என்று திட்டத்தை மாற்றிக்கொண்டு போகலாம். ஊசி போட்ட நாளில் லேசாகக் காய்ச்சல் அடிக்கலாம், அன்று ஓய்வு. காயம் ஆழமாக இருந்தாலோ சீழ் பிடித்தாலோ வேறு கதை.

நாய்க்கடியைப் பற்றியே எல்லோரும் பயப்படுகிறோம். கடிக்கு ஊசி இருக்கிறது, கால அட்டவணை இருக்கிறது, ஊருக்கு ஊர் இலவசமாகக் கிடைக்கிறது. சைக்கிள்காரனை வீட்டுக்கு அனுப்புவது மோதல்தான். பல்லே படாமல் ஒரு நாய் உங்களை மூன்று மாதம் படுக்க வைத்துவிடும்.

காறை எலும்பு முறிந்தது எப்படித் தெரிந்தது? கட்டுப் போடும் இடத்துக்குப் போகவில்லையா?

சைக்கிளிலிருந்து விழுபவர்களுக்கு அதிகம் முறிகிற எலும்புகளில் இது ஒன்று. கையை ஊன்றியோ தோள் இடித்தோ விழும்போது, அந்த அடி முழுக்கக் கழுத்துக்குக் கீழே படுத்திருக்கும் இந்த மெல்லிய எலும்பில் போய் முடியும். தோள் முன்னால் தொங்கும், எலும்பு மேல் ஒரு புடைப்பு தெரியும், கையைத் தூக்க முடியாது. நல்ல கையால் அடிபட்ட கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம், யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நண்பர் துண்டை மடித்துக் கழுத்தில் தூளி மாதிரி கட்டிவிட்டார். மூச்சு வாங்கினாலோ, விரல் மரத்துப்போனாலோ, எலும்பு தோலை முட்டிக்கொண்டு வெளுத்துத் தெரிந்தாலோ அவசரம்.

நாட்டுக் கட்டுக்குப் போகச் சொல்லாத ஆள் இல்லை. போகிறவர்கள் போகட்டும், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுப் போகட்டும். பெரும்பாலான காறை எலும்பு முறிவுகளுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. கையைத் தொங்கலில் போட்டு வைத்தால் பெரியவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் கூடிவிடும். எண்ணெய் போட்டு நீவுவது மட்டும் கூடவே கூடாது, முறிந்த முனை நகர்ந்துவிடும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கையை ஊன்றி விழுந்து, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் வலி இருந்தால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் பத்து நாள் கழித்து மறுபடி காட்டுங்கள். அங்கே இருக்கும் சின்ன எலும்பின் முறிவு முதலில் படத்தில் தெரியாமல் போவதுண்டு.

கூட வந்தவர் என்ன செய்தார்?

கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தார். 'உங்களை விட்டுவிட்டா போனார்?' என்று இழுப்பவர்களுக்கு: அவரைப் போகச் சொன்னது நான். என்னை ரயிலேற்றிவிட்டு, சைக்கிளையும் ஏற்றிவிட்டு, மறுநாள் சாயல்குடிக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து கிளம்பினார். ஒருவர் எலும்பு உடைந்தால் இருவர் பயணமும் உடைய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இதைக் கிளம்புவதற்கு முன்பே பேசி வைத்திருந்தோம், அதனால் அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் சங்கடம் இல்லை.

நாய் ஏன் சைக்கிளைப் பார்த்தாலே துரத்துகிறது?

ஓடுகிற எதையும் துரத்துவது நாயின் பழக்கம். பைக்கையும் துரத்தும், அது வேகமாகப் போய்விடுவதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சைக்கிள் நாயின் வேகத்துக்குச் சரியாகப் பொருந்துகிற வண்டி. சுமையோடு போகும் சைக்கிள் மணிக்கு 18, 20 கிலோமீட்டர் போனால் அதிகம். நாட்டு நாய் கொஞ்ச தூரத்துக்கு 30-க்கு மேல் ஓடும். அப்புறம், பெரும்பாலான நாய்கள் வேட்டையாடுவதில்லை, எல்லை காக்கின்றன. அதன் வாசலைத் தாண்டினால் நின்றுவிடும். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, இருபுறமும் தொங்கும் பைகள் என்று நாம் மனுசர் மாதிரியும் இருப்பதில்லை.

துரத்தினால் என்னதான் செய்வது?

தூரத்தில் பார்த்துவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். ஓடுகிற பொருள் நின்றுவிட்டால் பாதி நாய்களுக்கு ஆர்வம் போய்விடும். நாய்க்கும் உங்களுக்கும் நடுவே சைக்கிள் இருக்கும்படி அந்தப் பக்கமாக இறங்கி, மெதுவாகத் தள்ளிக்கொண்டு நடங்கள். குரலை உயர்த்தி 'டேய், போ!' என்று அதட்டலாம். நம் ஊர் நாய்களுக்கு அது நன்றாகப் புரியும். குனிந்து கல்லெடுப்பது போல் பாவனை செய்தால் பத்துக்கு எட்டு நாய் பின்வாங்கும். கல் தேவையே இல்லை, உண்மையில் எறிந்தால் சில நாய்கள் திருப்பிப் பாயும். தண்ணீர் பாட்டிலை அழுத்தி முகத்தில் பீய்ச்சுவதும் வேலை செய்கிறது.

ஓட்டிக்கொண்டே காலை உதைப்பதுதான் ஆகவே ஆகாது. ஒரு கால் பெடலில் இல்லை, கவனம் சாலையில் இல்லை, விழுவதற்கு வேறு என்ன வேண்டும்?

இருவர் போனால் இரண்டாவது ஆளுக்குத்தான் ஆபத்து அதிகம். முன்னால் போகிறவர் நாயை எழுப்பிவிட்டுப் போய்விடுவார். அவர் 'நாய்!' என்று ஒரு சத்தம் போட்டு, இருவரும் சேர்ந்தே வேகத்தைக் குறைப்பது நல்லது. இதுவும்கூட எப்போதும் உதவும் என்று சொல்ல மாட்டேன். கருவேலம் சாலை வரைக்கும் வந்து அடைத்து நிற்கிற இடத்தில் நாய் தெரிவதற்கும் மோதுவதற்கும் நடுவே ஒரு மூச்சு நேரம்தான்.

அந்தக் கரையோரத்தில் எங்கெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?

மீன் இறங்கும் இடம், கருவாடு காயப்போடும் களம், ஊர் எல்லையில் கோழிக்கடைக் கழிவு கொட்டும் இடம். இந்த மூன்றிலும் நாய்கள் கூட்டமாக இருக்கும். தொண்டி, பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் எல்லாமே மீன்பிடி ஊர்கள், காலையில் வேகம் வேண்டாம். நான்காவதாக ஆட்டுக்கிடை. அறுவடை முடிந்த வயல்களில் ஆடு மேய்க்கும் கீதாரிகள் கிடை போட்டிருப்பார்கள், கூடவே காவல் நாய்கள் இருக்கும். அவை விளையாட்டுக்குக் குரைப்பவை அல்ல. கிடையை நெருங்குமுன்பே இறங்கி, 'அண்ணே, நாயைப் பிடிங்க' என்று குரல் கொடுத்தால் அவர்களே அதட்டி உட்காரவைப்பார்கள்.

அப்படியானால் ராமநாதபுரம் கடற்கரை சைக்கிளுக்கு ஆகாதா?

யார் சொன்னது? எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் சைக்கிளுக்கு இதைவிட நல்ல கரை இல்லை. ஏற்றமே கிடையாது. தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வழியாக இறங்கும் சாலையில் பாக் விரிகுடா குளம் மாதிரி கிடக்கும். தேவிபட்டினத்தில் நவக்கிரகக் கற்களான நவபாஷாணம் கடலுக்குள்ளேயே நிற்கிறது. பாம்பனில் 1988-இல் திறந்த சாலைப் பாலம் 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அதன் மேல் நின்றால் பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம் தெரியும். பாலத்தில் காற்று பக்கவாட்டில் அடிக்கும், பை தொங்கும் சைக்கிளை ஆட்டிவிடும், தள்ளிக்கொண்டு போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை 2017 முதல் தார்ச்சாலை இருக்கிறது. இரண்டு பக்கமும் கடல், நடுவே நீங்கள். விடிந்ததும் போய்விடுங்கள், சுற்றுலா வேன்கள் கிளம்பிவிட்டால் அந்தச் சாலை உங்களுடையது இல்லை.

நான் பார்க்காமல் விட்டது சாயல்குடிப் பக்கத்து மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் கண்மாய்களின் பறவைகள். அன்று மதியம் அங்கே இருந்திருக்க வேண்டும். அந்த வருத்தம் தோள்வலியைவிட அதிக நாள் இருந்தது.

நாய்க்காரர் மேல் வழக்குப் போடவில்லையா?

போடலாம். வளர்க்கும் விலங்கால் மற்றவர்களுக்கு ஆபத்து வராதபடி பார்த்துக்கொள்ளாத அலட்சியம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் வருகிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நான் போடவில்லை. எனக்கு அவர்களிடமிருந்து தேவைப்பட்டது வேறு: 10 நாளைக்கு நாயைக் கட்டிப்போட்டுக் கவனிப்பது. கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் கிருமி இருந்திருந்தால் அந்தப் பத்து நாளுக்குள் நாய் நோயுற்றுவிடும் அல்லது செத்துவிடும். நன்றாக இருந்தால் நிம்மதி. போலீஸ் வருகிறது என்று பயந்து நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டால் அந்த நிம்மதி கிடைக்காது. தினமும் போனில் சொன்னார்கள். நாய் கஞ்சி குடித்தது, முன்னங்காலை நொண்டுகிறது, நொண்டவில்லை, கோழியைத் துரத்தியது. பத்து நாள் தாண்டியும் நன்றாக இருந்தது, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுவிட்டார்கள். நான் என் ஊசிகளை முழுதாகவே போட்டு முடித்தேன்.

ஊர்க்காரர் சிலர் அதை அடித்துப் போட்டுவிடலாம் என்றார்கள். அதனால் யாருக்கு என்ன லாபம்? கண்காணிக்க நாயே இல்லாமல் போயிருக்கும்.

தெருநாய்களை ஏன் பிடித்துக்கொண்டு போவதில்லை?

2023-இன் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு. அதே ஆண்டு நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து பிடிப்பவற்றைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்றது. இதெல்லாம் நகராட்சிக்குப் பொருந்துகிற வேகத்தில் பனங்காட்டுக் குடிசைக்குப் பொருந்தாது. அங்கே ஒரு கயிறு போதும்.

சைக்கிள் என்ன ஆனது? எப்படி ஊருக்குக் கொண்டு வந்தீர்கள்?

முன்சக்கரம் எட்டு போட்டிருந்தது, பின்னால் கியர் தொங்கும் கொக்கி வளைந்திருந்தது, பிரேக் லீவர் ஒன்று சுழன்று போயிருந்தது. கோட்டம் எடுக்க சைக்கிள் கடை போதும். கியர் கொக்கியை வளைத்து நேராக்குவதைவிட மாற்றுவது நல்லது. ஃபோர்க்கையும் பிரேமின் முன்பகுதியையும் வெளிச்சத்தில் வைத்து விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஹெல்மெட் ஒரு முறை அடி வாங்கிவிட்டால் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சாயல்குடியில் ரயில் கிடையாது, ராமநாதபுரம் போக வேண்டும். ஒரு குட்டியானையில் (சின்னச் சரக்கு வண்டி) சைக்கிளைப் படுக்கப்போட்டுக் கொண்டுபோனோம், நாய்க்காரர் வீட்டுப் பையன் டிரைவரிடம் வாடகை பேசிவிட்டான். ஸ்டேஷனில் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்தால் லக்கேஜ் வேனில் வரும். நேரத்தோடு போங்கள், அடையாள அட்டை நகல் வைத்திருங்கள், பெயரும் இறங்கும் ஊரும் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்டுங்கள், பைகளையும் விளக்கையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் ஏற்றுவது கண்டக்டர் மனசைப் பொறுத்தது.

முன்கூட்டியே ஊசி போட்டுக்கொண்டு கிளம்பலாமா?

நீண்ட தூரம், கிராமப்புறம் என்று அடிக்கடி ஓட்டுகிறவர்களுக்கு நல்லது. 0, 7, 21 அல்லது 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். அப்படிப் போட்டவரை நாய் கடித்தால் 0, 3 ஆகிய இரண்டு நாள் ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டாம். அந்த வலி தெரிந்தவன் என்கிற முறையில் சிபாரிசு செய்கிறேன். அதற்காகக் கடித்த பிறகு மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கலாம் என்று அர்த்தமில்லை.

மிச்ச தூரத்தை எப்போது முடிப்பீர்கள்?

ஆனி, ஆடி, ஆவணியில் போக மாட்டேன். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எதிரே அடித்து மண்ணை வாரிக் கண்ணில் போடும். ஐப்பசி, கார்த்திகை மழை. ஆக, தை பிறந்த பிறகுதான், முதுகில் வாடை இருக்கும்போது. சாயல்குடியிலிருந்து தொடங்கி, வேம்பார், தூத்துக்குடி, திருச்செந்தூர் வழியாகக் கன்னியாகுமரி. முழுப் பயணம் என்றால் சென்னையிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும் என்று சிலர் விதி பேசுகிறார்கள். அவர்கள் சென்னையிலிருந்து மிதித்துக்கொண்டு வரட்டும், நான் சாயல்குடியில் கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டு காத்திருக்கிறேன்.